வேளாண் பொறி அளவுமாதிரிகள்

வேளாண் பொறி அளவுமாதிரி என்பது உழவு, பாசனம், அறுவடை, பாரம் ஏற்றல் ஆகிய வேளாண் பணிகளில் பயன்படும் கருவி அல்லது இயந்திரம் ஒன்றை, அதன் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் குறைத்து ஆக்கிய சிற்றுரு ஆகும். இத்தகைய மாதிரிகளை உருவாக்குவதும் சேகரிப்பதும் அமெரிக்கா, பிரித்தானியா, செருமனி முதலிய நாடுகளில் பரவலான பொழுதுபோக்கு ஆகும். தமிழ்நாட்டில் இது தனிப் பொழுதுபோக்காக அதிகம் அறியப்படாவிட்டாலும், சிறுதேர், நவராத்திரிக் கொலு, சோளத்தட்டை வண்டி என இதற்கு நெருங்கிய மரபுகள் நெடுங்காலமாக உள்ளன.

பொம்மையும் அளவுமாதிரியும்

எல்லா டிராக்டர் பொம்மைகளும் அளவுமாதிரிகள் அல்ல. பொம்மை குழந்தையின் கைக்கு ஏற்றவாறு செய்யப்படுவது. அதன் சக்கரம் மூலப் பொறியை விடப் பெரிதாகவும், உடல் குட்டையாகவும் இருக்கலாம். அளவுமாதிரியில் சக்கரம், அச்சு, இருக்கை, திருகாணி எல்லாம் ஒரே விகிதத்தில் குறைக்கப்பட வேண்டும். கொலுவில் வைக்கப்படும் ஏர் உழும் உழவனும், மாட்டு வண்டியும் பொதுவாக இந்த விதிக்கு உட்படுவதில்லை. அங்கு காட்சியே முதன்மை.

அளவு விகிதங்கள்

விகிதம் 1:16 எனக் குறிக்கப்பட்டால், மூலப் பொறியின் 16 அலகு நீளம் மாதிரியில் 1 அலகு ஆகும் என்பது பொருள். வேளாண் பொறி மாதிரிகளில் பரவலாகப் பயன்படும் விகிதங்கள் பின்வருமாறு:

1:16 - ஒரு அடி முக்கால் அங்குலம் ஆகும். நுண்பகுதிகளைக் காட்ட ஏற்றது. கையால் செய்பவர்களுக்கு வசதியானது.
1:32 - ஐரோப்பாவில் மிகப் பரவலானது. செருமனியின் சிக்கு, பிரித்தானியாவின் பிரிட்டன்ஸ் ஆகியவற்றின் மாதிரிகள் பல இவ்விகிதத்தில் உள்ளன.
1:64 - ஒரு முழுப் பண்ணையையே மேசை மீது அமைக்க விரும்புவோர் தேர்வது. அமெரிக்காவில் பெரிதும் விரும்பப்படுகிறது.
1:87 - மாதிரித் தொடர்வண்டி அமைப்புகளுடன் பொருந்துவது.

வரலாறு

இந்தியத் துணைக்கண்டத்தில் கிடைத்த மிகப் பழைய வேளாண் கருவி மாதிரிகள் சிந்துவெளி நாகரிகத்தைச் சேர்ந்தவை. அரப்பா முதலிய இடங்களில் சுடுமண் வண்டிகள் பல அகழ்ந்தெடுக்கப்பட்டன. அரியானாவிலுள்ள பனாவலியில் சுடுமண்ணால் ஆன கலப்பை மாதிரி ஒன்று கிடைத்தது. அக்காலக் கலப்பைகளும் வண்டிகளும் மரத்தால் ஆனவை ஆகையால் மட்கி மறைந்தன. அவற்றின் வடிவம் பற்றி இன்று அறியப்படுவதில் பெரும்பகுதி இந்தச் சிறு மண் உருக்களிலிருந்து பெறப்பட்டதே.

சங்க இலக்கியத்தில் பெரும்பாணாற்றுப்படை, தச்சர் செய்த சிறுதேரைப் பிள்ளைகள் உருட்டி விளையாடியதைக் குறிப்பிடுகிறது. பட்டினப்பாலை மூன்று சக்கரச் சிறுதேரைக் கூறுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர்ப் பருவம் ஆகும். சிற்றூர்ச் சிறுவர்கள் நுங்குக் கூந்தலால் நுங்கு வண்டியும், சோளத்தட்டையால் மாட்டு வண்டியும், தேய்ந்த இரப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டிய சக்கரங்களால் டிராக்டரும் செய்து விளையாடுவர்.

மேற்கு நாடுகளில் பிரிட்டன்ஸ் நிறுவனம் முதலில் ஈயப் போர்வீரர் உருக்களுக்குப் பெயர் பெற்றது. முதல் உலகப் போருக்குப் பின் போர்ப் பொம்மைகளுக்கு மாற்றாக அது பண்ணைத் தொகுதிகளை வெளியிட்டது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிரெட் எர்ட்டில் என்பவர் 1945இல் தம் வீட்டு உலையில் அலுமினியத்தை உருக்கி, மணல் வார்ப்பு முறையில் டிராக்டர் மாதிரிகளைச் செய்யத் தொடங்கினார். பின்னர் எர்ட்டில் நிறுவனம் அதே மாநிலத்தின் டயர்ஸ்வில் நகருக்கு இடம்பெயர்ந்தது. தேசியப் பண்ணைப் பொம்மை அருங்காட்சியகம் இந்நகரிலேயே உள்ளது.

சேகரித்தல்

சேகரிப்போர் பொதுவாக ஒரு எல்லையை வகுத்துக்கொள்வர். ஒரே நிறுவனத்தின் டிராக்டர்கள், ஒரே விகிதம், ஒரே காலகட்டம் அல்லது ஒரே நாட்டின் பொறிகள் எனச் சேகரிப்பு அமையலாம். பெட்டி கெடாத பழைய மாதிரிகளுக்கு மதிப்பு அதிகம். மீண்டும் வண்ணம் பூசினால் பழைய மாதிரியின் மதிப்பு பெரும்பாலும் குறையும்.

இந்திய டிராக்டர்களுக்குத் துல்லியமான மாதிரிகள் குறைவு. சென்டி போன்ற இந்திய நிறுவனங்களின் நெகிழி டிராக்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன, ஆனால் அவை பொம்மை வகையின. எனவே ஆர்வலர் சில வேளைகளில் வெளிநாட்டு மாதிரி ஒன்றை வாங்கி மாற்றியமைக்கின்றனர். எடுத்துக்காட்டாக, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டாஃபே நிறுவனத்தின் மாசி பெர்குசன் 1035, பழைய மாசி பெர்குசன் 35 வகையின் வழிவந்தது. பின்னதன் மாதிரிகள் ஐரோப்பாவில் வெளிவந்துள்ளன.

உருவாக்கல்

முதற்பணி அளவெடுத்தல் ஆகும். பொறியின் முன், பக்க, மேல் தோற்றங்களை வரைந்து, ஒவ்வொரு பகுதியின் அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒளிப்படம் மட்டும் போதாது. அருகிலுள்ள பகுதி பெரிதாகவும், தொலைவிலுள்ள பகுதி சிறிதாகவும் படத்தில் விழும். அளவுகோல் ஒன்றைப் பொறியின் மீது சாய்த்து வைத்துப் படமெடுப்பது பயன்தரும்.

மாட்டு வண்டிச் சக்கரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 5 அடி விட்டமுள்ள சக்கரம் 1:16 விகிதத்தில் மூன்றே முக்கால் அங்குலம் ஆகும். சக்கரத்தின் நடுவில் குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றைத் தாங்கும் வட்டைகள், வெளியே இரும்புப் பட்டை, சக்கரம் கழலாமல் காக்கும் கடையாணி என்பன இதன் பகுதிகள். வட்டை ஒரே வளையம் அன்று. பல வளைந்த துண்டுகளின் இணைப்பு. அட்டையில் ஒரே வட்டமாக வெட்டினால் தோற்றம் வரும், ஆனால் சக்கரம் எவ்வாறு சேர்க்கப்படுகிறது என்பது விளங்காது.

மூங்கில், தேக்குச் சிம்பு, தகரம், செப்புக் கம்பி, நெகிழித் தாள் ஆகியன பரவலாகப் பயன்படும் பொருட்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் பயன்படும் நெட்டி எளிதில் செதுக்கத்தக்கது, ஆனால் அசையும் பகுதிகளுக்கு வலுப் போதாது. நெல்மணிக்கு இவ்விகிதத்தில் ரவை ஏறக்குறையப் பொருந்தும். இப்போது முப்பரிமாண அச்சு முறையிலும் பகுதிகள் செய்யப்படுகின்றன.

அளவு குறையும்போது மாறுவன

நீளம் 16இல் ஒரு பங்கானால், பரப்பு 256இல் ஒரு பங்கும், கொள்ளளவு 4096இல் ஒரு பங்கும் ஆகும். 2000 கிலோகிராம் எடையுள்ள டிராக்டரை அதே பொருட்களால் 1:16 விகிதத்தில் செய்தால் அதன் எடை ஏறக்குறைய 490 கிராம் மட்டுமே. கவலையில் 100 லிட்டர் நீர் கொள்ளும் சாலின் மாதிரி சுமார் 24 மில்லிலிட்டரே கொள்ளும்.

ஒரு பகுதியின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பையும், அது தாங்கும் தன்னெடை அதன் கொள்ளளவையும் சார்ந்தவை. பரப்பை விடக் கொள்ளளவு விரைவாகக் குறைவதால், சிறு மாதிரி மூலப் பொறியை விட ஒப்பளவில் வலுவானதாகத் தோன்றும். மூங்கில் சிம்பால் ஆன ஏற்றம் மேசை மீது நன்கு இயங்குவதால், அதே வடிவில் பெரிய ஏற்றம் முறியாது என்று கொள்ள இயலாது. பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு மாதிரி செய்யும் மாணவர்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். மாதிரி, பொறி இயங்கும் முறையை விளக்கும். அதன் வலிமையை மெய்ப்பிக்காது.

நெய்வேலி

கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி, வேளாண் பொறிகளும் சுரங்கப் பொறிகளும் அருகருகே காணப்படும் இடமாகும். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் வெளிப்பட்டதே பழுப்பு நிலக்கரி பற்றிய அறிதலுக்கு வழிவகுத்தது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் நிறுவப்பட்டது. சுரங்கப் பணியை 1957 மே 20 அன்று சவகர்லால் நேரு தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படிவம் எட்டப்பட்டது. நிறுவனம் 2016 முதல் என்எல்சி இந்தியா என்னும் பெயர் கொண்டது.

இங்கு மேல்மண்ணை அகற்றுவதற்குச் சுழலும் சக்கரத்தில் வாளிகள் பொருத்திய அகழ் பொறிகள் பயன்படுகின்றன. 350, 700, 1400 லிட்டர் என வாளியின் கொள்ளளவைக் கொண்டு இவை வகைப்படுத்தப்படுகின்றன. மாதிரி ஆக்குவோருக்கு இவை கடினமான, ஆனால் கவர்ச்சியான பொருள். 1400 லிட்டர் வாளி 1:100 விகிதத்தில் 1.4 மில்லிலிட்டராகச் சுருங்கும். செருமனியில் இயங்கும் இதே வகைப் பெரும் பொறியான பேகர் 289க்கு ரெவெல் நிறுவனம் 1:200 விகிதத்தில் நெகிழித் தொகுதி வெளியிட்டுள்ளது.

சுரங்கம் விரியும்போது வயலும் கிணறும் நிலத்தோடு அகற்றப்படுகின்றன. 2023 சூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற நிலத்தில் கால்வாய் வெட்டப்பட்டது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. சுற்றுவட்டாரத்தில் நெல், கரும்பு, முந்திரி, பலா இன்றும் விளைகின்றன. அருகிலுள்ள பண்ருட்டி கொலுப் பொம்மைகளுக்கும் பெயர் பெற்றது.

ஆவணமாக மாதிரிகள்

மின் இறைப்பி வந்தபின் கவலையும் ஏற்றமும் வழக்கொழிந்தன. டிராக்டர் வந்தபின் மரக் கலப்பை அருகியது. கருவி மறையும்போது மேழி, கொழு, ஏர்க்கால், நுகத்தடி, பரம்பு முதலிய சொற்களும், அவற்றின் அளவுகளும் மறைகின்றன. இவ்வளவுகள் பெரும்பாலும் நூல்களில் எழுதப்பட்டவை அல்ல. தச்சர், கொல்லர் ஆகியோரின் கைப்பழக்கத்தில் இருந்தவை.

எனவே, அறிந்தவர் இருக்கும்போதே அளவெடுத்து, உறுப்புகளின் வட்டாரப் பெயர்களையும் ஊரையும் ஆண்டையும் குறித்து ஆக்கப்படும் மாதிரி ஒரு ஆவணம் ஆகும். பிழையான அளவுள்ள மாதிரி, பிழையான செய்தியையே பின்வருவோருக்குத் தரும். மாதிரியின் அடியில் விகிதத்தையும், எதைப் பார்த்து அளவெடுக்கப்பட்டது என்பதையும், ஊகித்துச் செய்த பகுதிகள் எவை என்பதையும் எழுதி வைப்பது நல்ல வழக்கம் ஆகும்.

இவற்றையும் பார்க்க

ஏற்றம்
கவலை
கலப்பை
மாட்டு வண்டி
கொலு
நெய்வேலி

பகுப்புகள்: பொழுதுபோக்குகள் | வேளாண் கருவிகள் | கைவினைகள்