ஆய்வுக்கு நிரல் எழுதுவோர் எங்கே கூடுவது?

2020 ஜனவரி 27ஆம் திகதி இலங்கையின் முதலாவது கொரோனா நோயாளி அடையாளம் காணப்பட்டார். சீனாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி அவர். விமான நிலையத்தில் இறங்குவோரைப் பதிந்து, 14 நாட்கள் அவர்களைத் தொடர்ந்து கவனிப்பதற்கான ஒரு கணினி அமைப்பை அந்த நாட்களிலேயே கொழும்பில் ஒரு சிறு குழு செய்துகொண்டிருந்தது. நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகம் முன்னின்று வளர்க்கும் ‘டிஎச்ஐஎஸ்2’ என்ற திறந்த மென்பொருளின் மேல்தான் அதைக் கட்டினார்கள். ஒஸ்லோ குழு அதை எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பொதியாக்கி வெளியிட்டது. 30க்கும் மேற்பட்ட நாடுகள் எடுத்துக்கொண்டன.

இந்த வேகம் ஒரே இரவில் வந்ததல்ல. அதற்குப் பத்தாண்டு முன்பே நொறிஸ் கனால் வீதியிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவனம், மருத்துவர்களுக்கென உயிர்மருத்துவத் தகவலியலில் ஒரு முதுமாணிப் பட்டப்படிப்பைத் தொடங்கியிருந்தது. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியும் ஒஸ்லோவும் கைகொடுத்தன. வார்ட்டில் நோயாளி பார்த்தவர்கள் தரவுத்தளம் கற்றார்கள். படித்து முடித்தவர்களுக்குச் சுகாதாரத் துறைக்குள் அதற்கென்றே பதவியும் கிடைத்தது. பின்னர் அதே துறையில் எம்.டி. பட்டமும் வந்தது. நோய் வந்தபோது இவர்கள் ஒருவரையொருவர் முன்பே அறிந்திருந்தார்கள். யாருக்கு எது தெரியும், எந்தக் கோளாறுக்கு யாரை எழுப்பலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தனியார் நிறுவன நிரலாளர்கள் தொண்டாக உதவ வந்தபோது, அவர்களிடம் என்ன கேட்பது என்பதும் தெரிந்திருந்தது.

இவர்கள் ஒருவரையொருவர் முன்பே அறிந்திருந்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். ஆய்வு மென்பொருளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கணினியையும் பணத்தையும் பற்றியே பேசுகிறார்கள். அதை எழுதுகிற மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்கிறார்களா என்று கேட்பவர்கள் குறைவு.

கொழும்புக்கு இது இரண்டாவது பாடம். முதலாவது, 2004 டிசம்பர் 26 சுனாமி. கடல் வந்துபோன சில நாட்களுக்குள் இங்குள்ள மென்பொருள் நிறுவனங்களிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் தொண்டர்கள் கூடி, காணாமற்போனோரைப் பதியவும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் கணக்கில் வைத்திருக்கவும் ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதினார்கள். விடுமுறை முடிந்து பலர் வேலைக்குத் திரும்பிய பிறகும் அது சாகாமல் இருந்ததற்குக் காரணம், 2003இல் தொடங்கப்பட்டிருந்த லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேசன். தொண்டர்களில் ஒரு சிலரை நிலையாக வைத்து அதை மீள எழுத அந்த அமைப்பு வழிசெய்தது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெய்ட்டியிலும் அதே மென்பொருள் வேலைசெய்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூகப் பயனுக்கான தன் 2006ஆம் ஆண்டு விருதை அதற்கு வழங்கியது. முந்திய ஆண்டு அந்த விருதைப் பெற்றது விக்கிபீடியா.

அனர்த்தம் வந்தால் கூடத் தெரிந்தவர்கள் நாம். சாதாரண நாட்களில் என்ன நடக்கிறது?

2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். மழைக்கும் நுளம்புக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டு, அடுத்த மாதம் எந்த வட்டாரத்தில் நோய் கூடும் என்று சொல்லும் நிரலை ஓர் ஆய்வு உதவியாளர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுக் கட்டுரை வெளிவரும். பேராசிரியரின் பெயர் அதில் இருக்கும். உதவியாளரின் ஒப்பந்தம் முடியும். நிரல் அவருடைய மடிக்கணினியோடு போய்விடும். அப்படிப் போகாமல் துறையின் கணினியிலேயே கிடந்தாலும், பராமரிக்க ஆளில்லாத நிரல் நெடுநாள் ஓடாது. பைத்தன் மொழியின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியோடு நிறுத்தப்பட்டது. அதில் எழுதிய நிரல்களை எவராவது உட்கார்ந்து புதுப்பித்திருந்தால்தான் அவை புதிய பதிப்பில் ஓடும். அதைச் செய்யவேண்டியவர் அந்நேரம் தனியார் நிறுவனம் ஒன்றில் வங்கிக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பார். அவரைக் குறைசொல்ல முடியாது. பல்கலைக்கழகம் அவருக்கு வைத்திருந்த நாற்காலி தற்காலிகமானது.

பிரித்தானியாவில் இதே குறை பேசப்பட்டு ஒரு பெயரும் பெற்றது. 2012இல் ஒக்ஸ்போர்ட்டில் நடந்த ஒரு பட்டறையில் கூடிய சிலர், ஆய்வுக்கு நிரல் எழுதுவோரை ‘ஆய்வு மென்பொருள் பொறியியலாளர்’ என்று அழைக்கலாம் என்றார்கள். அதே ஆண்டு லண்டன் யூனிவர்சிட்டி கொலிஜ் அவர்களுக்கென ஒரு குழுவையே அமைத்தது. 2014இல் அந்நாட்டின் 15 பல்கலைக்கழகங்களில் எடுத்த கருத்துக்கணிப்பில், ஆய்வாளர்களில் 92 வீதத்தினர் ஆய்வு மென்பொருளைப் பயன்படுத்துவதாகவும், பத்தில் ஏழு பேர் அது இல்லாமல் தங்கள் ஆய்வே நடவாது என்றும் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டோர் தாங்களே நிரல் எழுதினார்கள். அவர்களில் ஐந்தில் ஒருவர் அதற்குப் பயிற்சியே பெற்றதில்லை.

இங்கே அவ்வளவு பெரிய ஏற்பாடு உடனே வேண்டாம். கணினிக் கல்லூரி மாதத்தில் ஒரு மாலை கதவைத் திறந்துவைத்தால் போதும். விஞ்ஞான பீடத்தில் மழைக்கணக்குப் பார்ப்பவர், மருத்துவ பீடத்தில் மரபணுத் தரவோடு மல்லுக்கட்டுபவர், புள்ளிவிபரம் படிப்பிப்பவர் எல்லோரும் தங்கள் நிரலைத் திரையில் போட்டுக் காட்டட்டும். பாதியில் நிற்கும் நிரலைக் காட்டுவதுதான் அதிகம் பயன்தரும். பக்கத்துத் துறையில் ஒருவர் அதே சிக்கலைப் போன வருடமே தீர்த்திருப்பார். கல்லூரி இருக்கும் ரீட் அவென்யூவின் இரு பக்கமும் இருவரும் இருந்தும் இவருக்கு அது தெரியாது.

தமிழ் வாசகர்களிடம் இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் மொழிக்கான கருவிகளும் இதே கையால்தான் எழுதப்படுகின்றன. தமிழ்ச் சொற்களை உருபு பிரித்துக் காட்டும் ‘தமிழி மோர்ஃப்’ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கே. சர்வேஸ்வரன் முன்னின்று செய்தது. சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே அரசாங்க ஆவணங்களை மொழிபெயர்க்கும் ‘சித’ மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உருவானது. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் மீடியாவிக்கி என்ற திறந்த மென்பொருளின் மேல் நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் பிழை திருத்தவும் பரிசோதிக்கவும் ஆட்கள் தேவை.

ஆட்கள் இல்லாமல் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு தொடங்கிய வெளிவாரி பீ.ஐ.ரி. (தகவல் தொழில்நுட்ப இளமாணி) பட்டத்தைப் படித்தவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறார்கள். பகலில் கோட்டையிலும் தெமட்டகொடையிலும் வேலை, மாலையில் வீடு. இவர்களைப் பல்கலைக்கழகத்துக்குள் அழைக்க எந்த வழியும் இல்லை. வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் மண்டபமும் நூலகமும் இருக்கின்றன. நூல் வெளியீட்டு விழாக்களுக்கு இடையில் ஒரு சனிக்கிழமையைத் தமிழ் மென்பொருளுக்கு ஒதுக்கினால், கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளும் பஸ் ஏறி வருவார்கள்.

தேநீருக்கும் மண்டபத்துக்கும் எவராவது பணம் கொடுப்பார்கள். கடினமானது மற்றது. பதவியுயர்வுக்குப் புள்ளி போடும்போது, பிறர் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றையும் ஆய்வுக் கட்டுரைக்கு நிகராக எண்ணவேண்டும். அதைப் பராமரிப்பவருக்கு நிரந்தரப் பதவி ஒன்று வேண்டும். மருத்துவர்களுக்கு அந்தப் பதவியை உருவாக்க முடிந்திருக்கிறது. மற்றப் பீடங்களுக்கும் அதைக் கேட்டுப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எழுத வேண்டிய முதல் கடிதத்தைக் கணினிக் கல்லூரியே எழுதலாம். அந்தத் தகவலியல் பட்டப்படிப்பு வளர்ந்ததை அருகிலிருந்து பார்த்தது அதுதான்.