வட்டம் எங்கே பிறக்கிறது?

காஞ்சிபுரத்துப் பட்டு வாங்கியதும் ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்க்கும் பழக்கம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உண்டு. உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால்தான் அசல். சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலின் மேல் வெள்ளிப் பட்டையைச் சுற்றித் தங்க முலாம் பூசினால் ஜரிகை. அந்தப் பட்டை முதலில் தலைமுடியைவிட மெல்லிய உருண்டைக் கம்பியாகத்தான் இருந்தது. இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே நசுங்கித் தட்டையானது. நெசவாளியைத் தெரியும், தறியைத் தெரியும். அந்த உருளையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

உருளை சில மைக்ரான் கோணலாகச் சுற்றினாலும் போதும், ஒவ்வொரு சுற்றிலும் பட்டையின் கனம் கூடிக் குறையும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான். கெட்டியாக்கிய எஃகில் இவ்வளவு நுட்பம் வேண்டுமென்றால் வழக்கமாகக் கை நீளுவது சிலிண்ட்ரிக்கல் கிரைண்டிங் மிஷின் பக்கம். காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. அங்கிருந்து ஒரகடம்வரை இன்று உதிரிபாகக் கூடங்கள்தான். கார் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட் எல்லாமே இப்படிக் கல்லில் தேய்ந்து அளவுக்கு வருபவை.

சுற்றுகிற கல்தான் வட்டத்தை உண்டாக்குகிறது என்று நினைக்கத் தோன்றும். இல்லை. குயவர் சக்கரம் தள்ளாடினால் பானையும் தள்ளாடும். லேத் சக்கில் பிடித்துக் கடைந்தாலும் ஸ்பிண்டிலின் தள்ளாட்டம் பொருளில் இறங்கிவிடும். கிரைண்டிங் மிஷினில் இதைத் தவிர்க்க எளிமையான ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். இரு முனையிலும் தாங்கிப் பிடிக்கும் ஹெட்ஸ்டாக், டெயில்ஸ்டாக் இரண்டிலும் உள்ள கூர்முனைகள் (சென்டர்கள்) சுற்றுவதே இல்லை. அசையாத அந்த இரு சென்டர்களுக்கு நடுவே ஜாப், அதாவது தேய்க்கப்படும் பொருள், மட்டும் சுழல்கிறது. ஹெட்ஸ்டாக் பேரிங் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அந்தக் குறை ஜாப்பை எட்டாது.

அதனால் செட்டிங்கின் முதல் வேலை, ஜாப்பின் இரு முனையிலும் உள்ள 60 டிகிரி கூம்புக் குழிகளைச் சுத்தம் செய்வது. கெட்டியாக்கும் உலையில் படிந்த கருக்குத் துணுக்கு ஒன்று அதில் தங்கினாலும், குழி வட்டமாக இல்லாவிட்டாலும், உருளை மூன்று மூலையோ ஐந்து மூலையோ கொண்டதாகிவிடும். இதில் ஒரு வேடிக்கை: மைக்ரோமீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது. பிரிட்டன் 1969இல் வெளியிட்ட 50 பென்ஸ் நாணயத்துக்கு ஏழு பக்கம்; எந்தத் திசையில் அளந்தாலும் அகலம் ஒன்றுதான். எங்கும் ஒரே விட்டம் என்பதால் வட்டம் என்று ஆகிவிடாது. ‘வி’ பிளாக்கில் வைத்து டயலை மேலே நிறுத்திச் சுற்றினால் முள் ஆடும். அப்போதுதான் குட்டு உடையும்.

அடுத்து கல். பானை வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதைப் போல, கல்லைத் தொங்கவிட்டு மரப்பிடியால் மெல்லத் தட்ட வேண்டும். கணீரென்று ஒலித்தால் மாட்டலாம். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். வழக்கமான கல்லின் விளிம்பு நொடிக்குச் சுமார் 33 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர். அந்த வேகத்தில் உடைந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. மாட்டியதும் மூடியைப் போட்டு, விலகி நின்று சிறிது நேரம் சும்மா ஓடவிடுவது அதற்காகத்தான்.

கல்லைத் தேர்ந்தெடுப்பதில் நம் பொதுப்புத்தி தலைகீழாகும். கெட்டியான எஃகுக்கு இளகிய கல், மென்மையான எஃகுக்குக் கெட்டியான கல். இங்கே இளக்கம் என்பது கல்லில் உள்ள வெட்டும் மணிகளைப் பிணைக்கும் பசைக்குத்தான், மணிக்கு அல்ல. கெட்டி எஃகில் மணி சீக்கிரம் மழுங்கும். பசை இளகியதாக இருந்தால் மழுங்கிய மணி உதிர்ந்து, அடியில் உள்ள கூர்மணி வெளிவரும். உதிராமல் பிடித்துக்கொண்டால் வெட்டுவதற்குப் பதில் உரசும். சூடேறி உருளையின் மேல்தோல் கருகும். 1891இல் அமெரிக்கர் எட்வர்ட் அச்சேசன் செயற்கையாக ஆக்கிய சிலிக்கன் கார்பைடு வார்ப்பிரும்புக்குப் பொருந்தும். எஃகுக்கு அலுமினியம் ஆக்ஸைடு. இந்தக் கற்களுக்காக வெகுதூரம் போகவேண்டியதில்லை. இவற்றைச் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954இல் தொடங்கப்பட்டது. அதன் ஆலை திருவொற்றியூரில் இருக்கிறது.

வைரமுனையால் கல்லின் முகத்தைச் சீவி (டிரெஸ்ஸிங் என்பார்கள்) முடித்தபின் டேப்பர் பார்க்க வேண்டும். லேசாக ஒரு வெட்டு கொடுத்து இரு முனையையும் அளப்பார்கள். டெயில்ஸ்டாக் பக்கம் விட்டம் 20 மைக்ரான் அதிகம் என்றால் மேல் டேபிளைத் திருப்பி அந்த முனையைக் கல்லை நோக்கி 10 மைக்ரான்தான் நகர்த்த வேண்டும். கல் ஒரு பக்கம் மட்டுமே தொடுகிறது. ஜாப் சுற்றுவதால் விட்டத்தில் அது இரட்டிப்பாகும். புதியவர்கள் 20 நகர்த்திவிட்டு எதிர்ப்பக்க டேப்பரோடு விழிப்பது இங்கேதான்.

அளக்கும் நேரமும் முக்கியம். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருளை 10 டிகிரி சூடேறினால் சுமார் 12 மைக்ரான் பருக்கும். அதனால் கூலன்ட் தடையின்றிப் பாயவேண்டும். சூட்டோடு அளந்து அளவு சரி என்று கழற்றிய ஜாப், காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலிலும் ஆறியபின் சிறுத்துத்தான் போகும்.

கடைசிச் சில ஓட்டங்களில் கல்லை முன்னே நகர்த்துவதே இல்லை. வளைந்திருந்த ஜாப்பும் மிஷினும் நிமிர நிமிர, தீப்பொறி குறைந்து, சீறல் ஓய்ந்து, கூலன்ட் நீரின் சத்தம் மட்டும் மிஞ்சும். பிறகு உருளை மெருகேற்றப் போகும். மெருகு கல் விட்ட கீறல்களை அழித்துக் கண்ணாடியாக்கிவிடும். சென்டர் குழியில் தங்கிய அந்தக் கருக்குத் துணுக்கு உண்டாக்கிய மூன்று மூலையை மட்டும் அதனால் அழிக்க முடியாது.