இளவேனில் வந்தாச்சு: வாங்கறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு தடவை ஸ்டாக் எடுங்க!



மார்ச் 31 வந்தா கடைகளிலும் கம்பெனிகளிலும் ஒரு வேலை கண்டிப்பா நடக்கும். ஸ்டாக் எடுக்கறது. குடோன்ல எத்தனை மூட்டை இருக்கு, எது கெட்டுப்போச்சு, எது விக்காம ஒரு வருஷமா மூலையில கிடக்குன்னு ஒண்ணொண்ணா எண்ணி எழுதுவாங்க. அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் புது வருஷத்துக்கு என்ன வாங்கணும்னு முடிவு பண்ணுவாங்க.

நம்ம வீட்டுல இதைப் பண்றோமா? பெரும்பாலும் இல்லை. நேரா வாங்கத்தான் போறோம்.

ஏப்ரல் மாசம் நமக்கு ரெண்டு புது வருஷம். 1-ஆம் தேதி நிதியாண்டு. 14-ஆம் தேதி வாக்குல சித்திரை. சித்திரையும் வைகாசியும்தான் தமிழ்ல இளவேனில். வெளியில வெயில் கொளுத்தினாலும் மாங்காய், வேப்பம்பூ, நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, மல்லிகைன்னு வருஷத்திலேயே நல்லதெல்லாம் மலிவா கிடைக்கற காலம் இதுதான். பல கம்பெனிகள்ல இன்க்ரிமென்ட் வர்றதும் இப்பதான். அதே நேரத்துல சம்மர் கலெக்‌ஷன், ஹோம் மேக்ஓவர், அட்சய திருதியைன்னு விளம்பரங்களும் வரிசை கட்டி வரும். இன்க்ரிமென்ட்ல கூடின மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் முதல் மாசமே காணாம போறது இங்கதான்.

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது ஒரே விஷயம். இந்த இளவேனிலை வீட்டுல சந்தோஷமா கழிக்கப் புதுசா எதுவும் பெருசா வாங்க வேண்டாம். ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கி நாலு இடத்தைத் திறந்து பாருங்க: அடுக்களை, துணி அலமாரி, ஏசி, பேப்பர் டிராயர். கடைசி டிராயர்லதான் நிஜமான பணம் இருக்கு. அதனால நடுவுல நிறுத்தாம படிங்க.

1. அடுக்களை: இருக்கறதை எண்ணுங்க, மூணு நாளைக்கு வாங்குங்க

முதல்ல ஃபிரிட்ஜையும் மளிகை ஷெல்ஃபையும் காலி பண்ணுங்க. எல்லாத்தையும் தரையில வைங்க. பாதி தீர்ந்த சாம்பார் பொடி மூணு பாக்கெட், வண்டு வந்த ரவை, தேதி முடிஞ்ச சாஸ், ஆர்டர் பண்ணின சாப்பாட்டோட வந்த கெட்சப் பாக்கெட் ஒரு கை நிறைய. தனியா தங்கியிருக்கற யார் வீட்டுலயும் இதுதான் இருக்கும். கெட்டதைத் தூக்கிப் போடுங்க. மிச்சத்தை ஒரு பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டுங்க. எது இருக்குன்னு தெரியாததாலதான் ஒரே பொருளை ரெண்டு தடவை வாங்கறோம்.

அப்புறம் காய்கறி. பக்கத்துல உழவர் சந்தை இருந்தா காலையில சீக்கிரம் போங்க. 1999-ல மதுரையில தொடங்கின திட்டம் இது. விவசாயியே நேரா விக்கறார், அன்னைக்கு விலை போர்டுல எழுதியிருக்கும். மூணு நாளைக்கு மட்டும் வாங்குங்க. விலை கம்மின்னு ஒரு வாரத்துக்கு வாங்கி, வியாழக்கிழமை அழுகினதைக் குப்பையில போட்டா அது மலிவு இல்லை.

இந்தக் காலத்துக்கு ஏத்த சமையலுக்கு அதிக நேரமும் ஆகாது. கிளிமூக்கு மாங்காயைத் துருவி, கடுகு, கடலைப்பருப்பு, பச்சை மிளகாய், பெருங்காயம் தாளிச்சு, உதிரியா வடிச்ச சாதத்துல கிளறினா மாங்காய் சாதம். வெள்ளரிக்காயைத் தயிர்ல போட்டா பச்சடி. நீர்மோர்ல இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டா பாட்டில் கூல்டிரிங்க்ஸ் தேவையே இல்லை. வேப்பம்பூ மரத்தடியிலேயே உதிர்ந்து கிடக்கு. சுத்தமான துணி விரிச்சு சேகரிச்சு, காய வெச்சு டப்பாவுல போட்டா வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆச்சு. செலவு பூஜ்யம்.

மாம்பழத்துக்கு ஒரு எச்சரிக்கை. கார்பைடு கல் வெச்சுப் பழுக்க வைக்கறது நம்ம நாட்டுல தடை. சீசன் தொடங்கும்போதே மஞ்சளா பளபளன்னு இருந்து, வாசனையே இல்லாத பழத்தைப் பார்த்தா அவசரப்படாதீங்க. நல்லா விளைஞ்ச காயா வாங்கி அரிசி டப்பாவுக்குள்ள வெச்சுட்டா நாலஞ்சு நாள்ல தானா பழுக்கும்.

இப்போ கணக்கு. வாரத்துக்கு 4 தடவை ராத்திரி சாப்பாடு ஆர்டர் பண்றீங்க, ஒரு ஆர்டர் எல்லாம் சேர்த்து 280 ரூபாய்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 58,240 ரூபாய். முழுசா நிறுத்தச் சொல்லலை. 4-ஐ 2 ஆக்குங்க. அந்த ரெண்டு வேளையும் வீட்டுல செய்ய 80 ரூபாய் செலவுன்னாலும் ஒரு வேளைக்கு 200 மிச்சம். 104 வேளைக்கு 20,800 ரூபாய். பச்சைக் காய்கறிக்கும் பழத்துக்கும் ஜிஎஸ்டி கிடையாது. ஆர்டர் பண்ற சாப்பாட்டுக்கு 5% உண்டு, அதுக்கு மேல டெலிவரி, பிளாட்பார்ம் கட்டணம் வேற. உங்க ஆப்புல போன மாச ஆர்டர்களைக் கூட்டிப் பாருங்க. 280-ங்கறது கம்மின்னு உங்களுக்கே தோணலாம்.

2. துணி அலமாரி: ஒரு தடவை போட எவ்வளவு ஆச்சு?

எல்லாத் துணியையும் கட்டில்ல கொட்டுங்க. மூணு குவியல்: அடிக்கடி போடறது, எப்பவாவது போடறது, போன சித்திரையிலிருந்து தொடவே தொடாதது.

மூணாவது குவியலைப் பார்த்தாலே உங்க பணம் எங்க போச்சுன்னு தெரியும். 1,800 ரூபாய் சட்டையை 6 தடவை போட்டிருந்தா, ஒரு தடவைக்கு 300 ரூபாய். 600 ரூபாய் காட்டன் சட்டையை 60 தடவை போட்டிருந்தா, ஒரு தடவைக்கு 10 ரூபாய். விலைச்சீட்டுல இருக்கற தொகையைவிட இந்தக் கணக்குதான் உண்மை. நல்ல நிலையில இருக்கறதைத் துவைச்சு மடிச்சு யாருக்காவது குடுங்க. பழைய பனியன், வேட்டி எல்லாம் துடைக்கற துணி. அடுத்த பகுதியில தேவைப்படும்.

வெயில் காலத்துல வீட்டுல இருக்கும்போது ஸ்டைல்னா அது காட்டன்தான். தளர்வான ஒரு காட்டன் சட்டை, கைலி, குர்தி, நல்ல டிஷர்ட். உள்ளூர்லயே திருப்பூர் பனியன் துணி, மதுரை சுங்குடி, செட்டிநாடு கண்டாங்கின்னு இருக்கும்போது சம்மர் கலெக்‌ஷன்னு பாலியஸ்டரை வாங்கி வியர்த்துக் கொட்ட வேண்டியதில்லை. கைத்தறின்னா 1935-ல தொடங்கின கோ-ஆப்டெக்ஸ் இருக்கு. சாயத்துணியை முதல் தடவை தனியா அலசி, நிழல்ல உலர்த்துங்க. ரொம்ப நாள் வரும்.

வாங்கித்தான் ஆகணும்னா ஒரு வரி விஷயம் தெரிஞ்சுக்கோங்க. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை இருந்தா ஜிஎஸ்டி 5%. அதுக்கு மேல போனா 18%. வரிக்கு முன்னாடி 2,500 ரூபாய் சட்டைக்கு நீங்க கட்டறது 2,625. 2,600 ரூபாய் சட்டைக்குக் கட்டறது 3,068. துணியோட மதிப்பு 100 ரூபாய்தான் கூடுது, உங்க செலவு 443 ரூபாய் கூடுது. எல்லைக்குக் கிட்ட இருக்கற விலையில பில்லை ஒரு தடவை பாருங்க.

3. தூசி தட்டினா கரண்ட் பில்லும் குறையும்

அந்தப் பழைய பனியனை எடுங்க. ஃபேன் இறக்கை, ஃபிரிட்ஜ் பின்பக்கம், ஜன்னல் வலை. ஏசி ஃபில்டரைக் கழட்டித் தண்ணியில அலசிக் காய வெச்சு மாட்டுங்க. பத்து நிமிஷ வேலை. தூசி அடைச்ச ஏசி அதிக நேரம் ஓடும், ஆனா அறை குளிராது.

ஏசி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 யூனிட் எடுக்குதுன்னு வெச்சா, தினம் 8 மணி நேரம், 60 நாளைக்கு 480 யூனிட். ஃபேன், ஃபிரிட்ஜ் சேர்ந்தா 500-ஐத் தாண்டிடும். தமிழ்நாட்டுல வீட்டு மின்சாரத்துக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங். 500 யூனிட் தாண்டினா, தாண்டின யூனிட்டுக்கு மட்டும் இல்லை, கீழ இருக்கற யூனிட்டுகளுக்கும் குறைஞ்ச விலைச் சலுகை போயிடும். அதனால 490-க்கும் 510-க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் வெறும் 20 யூனிட் இல்லை. ஏசியை 24 டிகிரியில வைங்க. ஒரு டிகிரி கூட்டினா சுமார் 6% மின்சாரம் மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பு சொல்லுது. விடியற்காலை 4 மணிக்கு டைமர் வெச்சு நிறுத்திட்டு ஃபேன் போட்டுக்கலாம். ஒரு தடவை மாசத்து நடுவுல போய் மீட்டரையும் பார்த்துட்டு வாங்க.

4. பேப்பர் டிராயர்: இதுதான் முக்கியம்

எல்லார் வீட்டுலயும் ஒரு டிராயர் இருக்கும். பழைய சிம் கவர், வாரண்டி கார்டு, ஜெராக்ஸ், முதல் வேலையோட ஆஃபர் லெட்டர் எல்லாம் ஒரே குப்பையா. இதை நாலா பிரிங்க.

எப்பவும் வெச்சிருக்க வேண்டியது: சொத்துப் பத்திரம், இன்சூரன்ஸ் பாலிசி, கடன் முடிஞ்ச சான்று, ரிலீவிங் லெட்டர், யுஏஎன் எண்.

குறைஞ்சது 7 வருஷம் வெச்சிருக்கச் சொல்வேன்: வரி ரிட்டர்ன் நகல், கம்பெனி குடுக்கற டிடிஎஸ் சான்று, வாடகை ரசீது, முதலீட்டுச் சான்று.

போட்டோ எடுக்க வேண்டியது: வாரண்டி பில். அந்தக் காகிதத்துல இருக்கற எழுத்து ஒரு வெயில் காலத்துக்குள்ள அழிஞ்சுடும்.

கிழிக்க வேண்டியது: தேவையில்லாத ஆதார், பான் ஜெராக்ஸ். அப்படியே குப்பையில போடாதீங்க, துண்டு துண்டா கிழிங்க.

பிரிக்கும்போது இந்த மூணும் கண்ணுல படுதான்னு பாருங்க.

ஒண்ணு, பழைய கம்பெனி பிஎஃப். வேலை மாறும்போது அதைப் புதுக் கம்பெனிக்கு மாத்தினீங்களா? 5 வருஷ சர்வீஸ் முடியறதுக்குள்ள எடுத்தா வரி வரும். மாத்தினா பழைய சர்வீஸும் சேர்ந்து கணக்காகும்.

ரெண்டு, மறந்துபோன வங்கிக் கணக்கு. காலேஜ்ல திறந்தது, முதல் கம்பெனி சம்பளக் கணக்கு, தாத்தா பேர்ல போட்ட டெபாசிட். 2 வருஷம் வரவு செலவு இல்லைன்னா கணக்கு முடங்கிடும். 10 வருஷம் கேட்பாரில்லாம இருந்தா பணம் ரிசர்வ் வங்கியோட நிதிக்குப் போயிடும். ஆனா உரிமை போகாது, வங்கியில கேட்டு வாங்கலாம். இப்படிக் கிடக்கற பணத்தைத் தேடறதுக்கு ரிசர்வ் வங்கி 2023-ல உத்கம்னு ஒரு இணையதளம் தொடங்கியிருக்கு. அப்பா, அம்மா பேரையும் போட்டுத் தேடிப் பாருங்க.

மூணு, நாமினி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன். 26 வயசுல யாரும் இதை யோசிக்க மாட்டாங்க. ஆனா பிஎஃப் உறுப்பினர் வேலையில இருக்கும்போது இறந்துட்டா, அதோட சேர்ந்த இன்சூரன்ஸ்ல குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரைக்கும் கிடைக்கும். நாமினி போடலைன்னா அந்தப் பணத்துக்காக ஊர்ல இருக்கற அம்மா வாரிசுச் சான்றிதழைக் கையில வெச்சுக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலையணும். பிஎஃப் தளத்துல ஆதார் ஓடிபி வெச்சு வீட்டுல இருந்தே நாமினி போடலாம். கல்யாணம் ஆயிடுச்சுன்னா புதுசா மறுபடி போடணும், பழையது போதாது. வங்கிக் கணக்குல 2025 நவம்பர் 1 முதல் 4 பேர் வரைக்கும் நாமினி வைக்கலாம். நாமினிங்கறவர் பணத்தை வாங்கிக்கற பொறுப்புல இருக்கறவர், சட்டப்படி வாரிசு வேற ஒருத்தரா இருக்கலாம். அதையும் வீட்டுல பேசி வெச்சுக்கோங்க.

முடிச்ச பிறகு

ஒரு வெள்ளைத் தாள் எடுங்க. எந்தெந்த வங்கி, எந்த பாலிசி, யுஏஎன், யாருக்குக் கடன் தரணும், யார் தரணும்னு எழுதி, நம்பிக்கையான ஒருத்தர் கிட்ட அது எங்க இருக்குன்னு சொல்லிடுங்க. பாஸ்வேர்டு மட்டும் அதுல எழுத வேண்டாம். உங்களோட ஓப்பனிங் ஸ்டாக் இதுதான்.

சாப்பாட்டுல மிச்சமான 20,800-ஐ என்ன பண்றதுன்னு கேட்டா, மாசம் சுமார் 1,700 ரூபாய். கம்பெனி குடுக்கற குரூப் இன்சூரன்ஸ் வேலையை விட்ட அன்னைக்கே முடிஞ்சிடும். அதனால உங்க பேர்ல தனியா ஒரு மெடிக்கல் பாலிசி முதல்ல. மிச்சம் எமர்ஜென்சி பணத்துக்கு. அதுக்கு அப்புறம்தான் எஸ்ஐபி.

சனிக்கிழமை அடுக்களையும் அலமாரியும். ஞாயிறு காலையில சந்தை, ஏசி, பேப்பர். மத்தியானம் மாங்காய் சாதமும் நீர்மோரும். சாயங்காலம் மின்விசிறிக்குக் கீழே உக்காந்து பிஎஃப் நாமினியைப் போட்டு முடிங்க. முடிச்சவுடனே வீட்டுக்கு ஒரு போன் பண்ணி, "அம்மா, உங்க பேரைப் போட்டிருக்கேன்"னு சொல்லிடுங்க.