உங்களுக்குத் தெரியுமா? நதித்துறையை வரைந்த குமாஸ்தா

சீனாவின் அமோய் நகரில் 1912-இல் பிறந்து, பால்யத்திலேயே சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த லிம் செங் ஹோ, வாரநாட்களில் குமாஸ்தாவாக உழைத்து, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் வர்ணப்பெட்டியும் காகிதமுமாகப் புறப்பட்டு, நம் செட்டியார்களின் கிட்டங்கிகளுக்கு அருகிலிருந்த சிங்கப்பூர் நதியின் போட் கீ துறையில், முகப்பில் கண்கள் தீட்டிய தொங்கான் படகுகள் சரக்குடன் நெருங்கி நின்ற கோலத்தை நீர்வர்ணச் சித்திரமாக்கினார். நீர்வர்ணத்தில் ஒளி என்பது பெரும்பாலும் தீட்டாமல் விடப்பட்ட காகிதத்தின் வெண்மையே. பிழைத்தால் எளிதில் திருத்தவொண்ணாத அந்த ஊடகத்தில், கணந்தோறும் அசையும் நதிநீரை வசப்படுத்துவது அபூர்வமான சாதனை என்றே சொல்ல வேண்டும். நதியைச் சுத்திகரிக்கும் பொருட்டு 1983-இல் அந்தச் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடம் 2018-இல் லிம் செங் ஹோவின் ஓவியங்களுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது.