அட்டையில் ஒரு பெயர், மனதில் ஒரு பெயர்

அடையாள அட்டை எவ்வளவு பாரமானது என்பதை யுத்த காலத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் தங்கியிருந்த எமது சகோதரிகளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிறந்த இடம் வடக்கு அல்லது கிழக்கு என்றிருந்தால் சோதனைச் சாவடியில் கேள்வி மேல் கேள்வி. பொலிஸ் பதிவுத் துண்டு கையில் இல்லையென்றால் இரவில் நித்திரையில்லை. 2007 ஜூன் 7 ஆம் திகதி லொட்ஜுகளில் இருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. எதுவும் செய்யாமலே, நாம் யார் என்பதற்காகவே சந்தேகிக்கப்பட்டோம்.

அதே அட்டையினால் இன்றும் நிறுத்திவைக்கப்படுகின்ற ஒரு பிரிவினர் எம்மத்தியில் உள்ளனர். ஆணெனப் பதியப்பட்டு, தம்மைப் பெண்ணாக உணர்ந்து வாழும் திருநங்கையரும், பெண்ணெனப் பதியப்பட்டு ஆணாக வாழும் திருநம்பியருமே அவர்கள்.

உங்கள் அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பதைக் குறிக்கும். பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்படும். ஜனவரி முதலாந் திகதி பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501. புதிய 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாயிற்றே தவிர, இந்த 500 மாறவில்லை. எனவே சேலை உடுத்து வங்கிக்குச் செல்லும் திருநங்கை ஒருவர் வாய் திறக்க முன்னரே அட்டை பேசிவிடுகின்றது. “இது உம்முடைய ஐசியா?” என்ற கேள்வியோடு வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பர். பெயரை மட்டும் மாற்றி இதிலிருந்து தப்ப முடியாது.

பால்நிலைச் செயலமர்வுகளில் நாம் படித்தது நினைவிருக்கும். உடலோடு வருவது பால், சமூகம் கற்பிப்பது பால்நிலை. ஆனால் அங்கும் கரும்பலகையில் ஆண், பெண் என்று இரண்டு நிரல்களைத்தான் கீறினார்கள். தான் ஆணா பெண்ணா என்று ஒருவருக்கு உள்ளே இருக்கும் உணர்வு, பிறக்கும்போது எழுதப்பட்ட பாலோடு எல்லோருக்கும் பொருந்திவருவதில்லை என்பது அதில் விடுபட்டுப் போயிற்று. இது வளர்ப்பின் குறையுமல்ல, நோயுமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்ட புதிய நோய் வகைப்பாட்டில் இது உளநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

வெளிநாட்டுக் காசோடு வந்த பழக்கம் இது என்போரும் உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களுள் பேடு என்பதும் ஒன்று. அக்காலத்தில் எந்த வெளிநாட்டுக் காசு வந்ததோ!

யுத்தத்தில் கணவரை இழந்து, எஞ்சிய ஒரே பிள்ளையோடு கொழும்புக்கு வந்த தாயொருவர் என்னிடம் கூறினார்: “ஆரோ செய்வினை செய்துபோட்டினம் மிஸ். ஒரு கலியாணத்தைக் கட்டிவைச்சால் சரியாப் போகும்.” அவரது பயம் எனக்கு விளங்கியது. இருந்த ஒன்றும் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம் அது. ஆயினும் கலியாணத்தால் பிள்ளையின் உணர்வு மாறப்போவதில்லை. விவரம் அறியாது கழுத்தை நீட்டும் இன்னொரு பெண்பிள்ளையின் வாழ்வும் சேர்ந்து கெடும். வீட்டில் அடித்து, அறையில் பூட்டிவைத்த பிள்ளைகள்தான் வீட்டைவிட்டு ஓடுகின்றனர். அதன்பின் அவர்களுக்கு அறையுமில்லை, தொழிலுமில்லை.

அந்தத் தாய்க்குத் தெரியாதிருந்த விடயமொன்றுண்டு. 2016 இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றுநிருபத்தின்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற முடியும். இதனை வழங்குபவர் உளநல வைத்தியர். அங்கு செல்வதால் பிள்ளைக்கு “விசர்” என்று பொருளல்ல. சான்றிதழுக்கான வழி அதுவாக உள்ளது, அவ்வளவுதான். அச்சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவில் பெயரையும் பாலையும் திருத்தலாம். திருத்திய பதிவைக் காட்டி அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். கிராம உத்தியோகத்தரிடம் ஒப்பம் வாங்கும் இடத்திலே பலர் கூனிக்குறுகி நிற்கின்றனர். அச்சமயம் தாயோ சகோதரியோ கூடச் செல்வது பெரிய உதவி.

மற்றவர்கள் செய்யக்கூடியவை சிறியவைதான். அவர் சொல்லும் பெயரால் அழையுங்கள். அக்கா என்று அழைக்க வேண்டியவரை அக்கா என்றே அழையுங்கள். “ஒப்பரேசன் செய்தாச்சா?” என்ற கேள்வியை நம்மில் யாரிடமும் எவரும் கேட்பதில்லை, அவரிடமும் கேட்க வேண்டாம். அவர் நம்பிச் சொன்னதை அடுத்த வீட்டுக்குக் காவிச் செல்ல வேண்டாம். ‘ஒன்பது’, ‘அலி’ என்ற சொற்களைப் பிள்ளைகள் சினிமாப் பகிடிகளிலிருந்து பொறுக்கிக் கொள்கின்றனர். நாமும் கூட இருந்து சிரித்த பகிடிகள் அவை. தமிழ்நாட்டு அரசு 2008 இல் இவர்களுக்கென நலவாரியம் அமைத்த காலத்தில் பரவிய ‘திருநங்கை’ என்ற மரியாதையான சொல் இப்போது எம்மிடமும் இருக்கின்றது. மதுரையைச் சேர்ந்த திருநங்கை நர்த்தகி நடராஜ் பரதநாட்டியத்திற்காக 2019 இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். நடனம் பழகும் பிள்ளைகளுக்கு அவரைக் காட்டுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, திருநங்கையாக இருப்பது இலங்கையில் குற்றமல்ல. ஆனால் ஆள்மாறாட்டம் பற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 399 ஆம் பிரிவும், 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் இவர்கள்மீது பிரயோகிக்கப்பட்டுள்ளன. ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் ஆங்கிலேயர் தந்தவை. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 இல் உயர் நீதிமன்றம் கூறியது. அது நிறைவேறாமலே 2024 இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. பொலிஸாரோ அரச அலுவலகமோ அநீதி இழைத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். திகதி, நேரம், இடம், உத்தியோகத்தரின் இலக்கம் என்பவற்றை உடனே ஒரு கொப்பியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.