விளையாட்டு நேரத்தில் நம் பிள்ளைகள் எங்கே?

இரட்டைமலை சீனிவாசன் தம் பள்ளி நாட்களைப் பற்றி 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற நூலில் எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் கோயம்புத்தூர் அது. பள்ளியில் ஏறத்தாழ 400 மாணவர்கள். பத்துப் பேர் தவிர எல்லோரும் பிராமணப் பிள்ளைகள். தன் சாதியும் குடியிருப்பும் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் யாரோடும் சேரவில்லை. மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது இருந்து படித்துவிட்டு, அதன் பிறகே வகுப்புக்குள் போவார். பள்ளி விட்டதும் மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்ள முடியாதபடி வேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விடுவார். கூடி விளையாட முடியவில்லையே என்று மனம் வருந்தினார். பிற்காலத்தில் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்த தலைவர், முதுமையில் எழுதும்போதும் அந்த வருத்தத்தை மறக்கவில்லை.

இன்று நம் பிள்ளைகள் மணி அடிக்கும்வரை வெளியே ஒதுங்கி நிற்பதில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கிறது. சீருடை, புத்தகம், மதிய உணவு எல்லாம் கிடைக்கின்றன. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்திருக்கிறது. ஆனால் விளையாட்டுப் பாடவேளையில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்?

நம் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றுக்கு வேறு வேலையாகப் போயிருந்தோம். விளையாட்டுப் பாடவேளை நடந்துகொண்டிருந்தது. மைதானத்தில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். காலனியைச் சேர்ந்த மூன்று பையன்கள் மட்டும் குடத்தில் தண்ணீர் சுமந்து கழிப்பறைத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டோம். "சார் சொன்னாங்க" என்றார்கள். ஆசிரியரைக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை, மறைக்கவும் இல்லை. "இவங்கதாங்க சொன்ன வேலைய நல்லா செய்வாங்க" என்று பாராட்டினார்.

மாலையில் அந்தப் பையன்களில் ஒருவனின் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மாவுக்கு விஷயம் முன்பே தெரியும். "நல்ல பையன்னு சார் சொன்னாருன்னு சந்தோஷமா வந்து சொல்லுவாங்க. நாங்களும் அந்தப் பள்ளிக்கூடத்துல தண்ணி தூக்கினவங்கதானே" என்றார். அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் நம்மை அன்றிரவு தூங்கவிடவில்லை.

உழைப்பு வேறு, விளையாட்டு வேறு

பிள்ளைகளுக்கு உடற்கல்வி வேண்டும் என்று பேசினால் நம் வீடுகளில் ஒரு பதில் வரும். "காட்டுல மேட்டுல ஓடுற ஓட்டம் போதாதா? விளையாட்டு சோறு போடுமா?" தலைமுறை தலைமுறையாக உடம்பை வேலைக்கு மட்டுமே கொடுத்தவர்கள் இப்படிக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் சுமை தூக்குவதும் விளையாடுவதும் ஒன்றல்ல. சுமை தூக்கும்போது பிள்ளையின் உடம்பு இன்னொருவர் சொல்லுக்குக் கீழ்ப்படிகிறது. விளையாடும்போது எப்போது ஓடுவது, எங்கே பாய்வது என்று அவனே முடிவெடுக்கிறான். தோற்கவும், ஜெயிக்கவும், நடுவரிடம் நியாயம் கேட்கவும் அங்கேதான் கற்றுக்கொள்கிறான்.

கபடியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடாமல் கபடி ஆட முடியாது. பாடிப் போகிறவன் எதிரணியைத் தொட்டால்தான் புள்ளி. எதிரணி அவனைக் கட்டிப் பிடித்தால்தான் அவன் அவுட். தீண்டாமையைக் காலங்காலமாகக் கட்டிக்காத்த ஊரில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே களத்தில் கபடி ஆடுவது சாதாரணக் காரியமா? அதனால்தான் பல ஊர்களில் அணியே சாதிவாரியாகப் பிரிகிறது. கையில் கட்டும் கயிற்றின் நிறம் யார் எந்தப் பக்கம் என்று சொல்கிறது. 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் உடன் படித்த மாணவர்களும் இருந்தார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. கயிற்றைக் கழற்றச் சொல்வது பள்ளியின் வேலை. கட்டி அனுப்பாமல் இருப்பது வீட்டின் வேலை. இது எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும்; நம் தெருவும் அதில் அடக்கம்.

தண்ணீரும் கழிப்பறையும்

சுகாதாரக் கல்வி என்பது பாடப் புத்தகத்தில் கை கழுவும் படம் மட்டுமல்ல. அம்பேத்கர் சிறுவனாகப் பள்ளியில் படித்தபோது தண்ணீர்க் குழாயைத் தானாகத் தொட முடியாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் குடிக்கலாம். பியூன் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். தண்ணீரைத் தொட உரிமையில்லாத பிள்ளைக்குச் சுத்தத்தைப் பற்றி யார் பாடம் நடத்த முடியும்?

இன்று சட்டம் தெளிவாக இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியிலும் பாதுகாப்பான, போதுமான குடிநீர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, விளையாட்டு மைதானம், வகுப்புக்கு வேண்டிய விளையாட்டுப் பொருட்கள் இருக்க வேண்டும். உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு தடை செய்கிறது. பள்ளிக் கழிப்பறையைச் சுத்தம் செய்வது மாணவர் வேலை அல்ல. அதற்கு உள்ளாட்சி வழியாக ஆள் வைக்க ஏற்பாடு இருக்கிறது. அந்த வேலைக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் நம் பெண்கள்தான், வாங்கும் கூலியும் மிகச் சொற்பம் என்பது தனியே பேச வேண்டிய கதை.

எல்லா மாணவர்களும் முறை வைத்து வகுப்பறையைக் கூட்டினால் அதில் குற்றமில்லை. அது நல்ல பழக்கம். ஒரே தெருப் பிள்ளைகளின் கையில் மட்டும் துடைப்பம் போனால் அதற்குப் பெயர் வேறு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது முதலில் நாம்தான். "இன்னைக்கு பி.டி. பீரியட்ல என்ன பண்ணினே?" என்று தினமும் ஒரு கேள்வி கேட்டால் போதும், பாதி விஷயம் வெளியே வரும்.

தூக்கி எறியப்படும் மாத்திரை

பள்ளி தன் பங்கைச் செய்தும் வீடு கைவிட்ட விஷயங்களும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை அதில் ஒன்று. வளரிளம் மாணவ, மாணவியருக்கு வாரம் ஒரு முறை நீல நிற மாத்திரை பள்ளியில் கொடுக்கப்படுகிறது. பல பிள்ளைகள் அதை வாயில் ஒதுக்கி வைத்திருந்து வேலியோரம் துப்புகிறார்கள். "வயிறு வலிக்குதுன்னு சொன்னா, நான்தான் சாப்பிட வேணான்னு சொன்னேன்" என்று தாய்மார்களே நம்மிடம் சொன்னார்கள்.

வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டலும் வயிற்று வலியும் வரலாம். மதிய உணவுக்குப் பிறகு விழுங்கினால் பெரும்பாலும் தொல்லை இராது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டியதில்லை. அது இரும்புச்சத்தின் நிறம். மாத்திரையோடு டீ குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். இதைப் பள்ளி பெற்றோரைக் கூப்பிட்டு ஒருமுறை விளக்கியிருந்தால் மாத்திரை வேலிக்குப் போயிருக்காது.

குடற்புழு மாத்திரையும் அப்படித்தான். கொக்கிப்புழு ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாக உடம்புக்குள் நுழைந்து, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடத்தில் செருப்பில்லாமல் நடக்கும் பிள்ளைக்கு மாத்திரை மட்டும் கொடுத்தால் புழு திரும்ப வரும். மாத்திரை பள்ளியில் கிடைக்கும். காலுக்குச் செருப்பும் வீட்டுக்குக் கழிப்பறையும் நாம் பார்க்க வேண்டியவை. கழிப்பறைக்கு இடமே இல்லாத குடியிருப்பு என்றால், அது கிராம சபையில் எழுப்ப வேண்டிய கோரிக்கை.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. வகுப்பில் தூங்கி விழும் பெண் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டும் முன்பு ஆசிரியரும் பெற்றோரும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெண் பிள்ளைகளின் ஓட்டம்

ஐந்தாம் வகுப்புவரை மைதானத்தில் பறந்த பெண் பிள்ளை, வயதுக்கு வந்ததும் மரத்தடியில் உட்கார வைக்கப்படுகிறாள். "பெரிய மனுஷி ஆயிட்டா, இன்னும் என்ன ஓட்டம்?" என்று கேட்பது ஊர்த் தெரு அல்ல, நம் வீடுதான். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை, நாப்கின் போட இடமில்லை என்றால் அந்த மூன்று நாளும் பள்ளிக்கே போக மாட்டாள். கழிப்பறை பள்ளியின் பொறுப்பு. மாதவிடாய் தீட்டல்ல என்று சொல்ல வேண்டியது நம் பொறுப்பு. தீட்டு என்ற சொல்லால் இவ்வளவு காலம் அடிபட்ட நாமே, அந்தச் சொல்லை நம் மகள்மீது வீசலாமா?

ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியா ஹரித்வார் அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். பெண் ஹாக்கி ஆடுவதா என்று ஊரார் பேசியபோது தந்தை துணை நின்றார். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் அப்படிச் செய்த முதல் இந்தியப் பெண் அவர். அரையிறுதியில் இந்தியா தோற்றதும் அவர் வீட்டின்முன் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாகக் குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள், கைதுகள் நடந்தன. சாதி மைதானம்வரை துரத்தும். அதற்குப் பயந்து பிள்ளையை வீட்டில் உட்கார வைத்தால் ஜெயிப்பது யார்?

கேட்கும் இடம் இருக்கிறது

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பட்டியல் சாதியினர் உள்ளிட்ட பிரிவினருக்கு விகிதப்படி இடம் தர வேண்டும். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். நீங்கள் படித்த பள்ளியில் உங்களுக்கு ஒரு நாற்காலி காத்திருக்கிறது.

தண்ணீர் சுமந்த பையன்களின் கதைக்கு வருவோம். தாய்மார்கள் ஐந்து பேர் அடுத்த குழுக் கூட்டத்துக்குப் போனார்கள். "எங்க பிள்ளைங்க தண்ணி தூக்கட்டும் சார், எல்லாப் பிள்ளைங்களும் சேர்ந்து தூக்குனா. விளையாடுற நேரத்துல வேணாம்" என்றார் ஒருவர். தலைமையாசிரியர் முதலில் தயங்கினார். பிறகு, விளையாட்டுப் பாடவேளையில் எந்த மாணவருக்கும் வேறு வேலை தருவதில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கழிப்பறைத் தொட்டிக்குக் குழாய் இணைப்பு கேட்டு ஊராட்சிக்கும் மனு போனது.

அத்தோடு முடியவில்லை. அன்று பேசிய அந்தத் தாயை அடுத்த வாரம் நடவுக்கு யாரும் கூப்பிடவில்லை. "பள்ளிக்கூடத்துல கேள்வி கேக்குற அளவுக்கு ஆயிட்டீங்களா?" என்று நிலக்காரர் கேட்டாராம். மற்ற நான்கு பேரும் தங்கள் கூலியில் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து அந்த வாரத்தை ஓட்டினார்கள். தனியாகப் போகாதீர்கள், சேர்ந்து போங்கள் என்று நாம் சொல்வது இதனால்தான். பேசியதை மட்டும் நம்பாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். படிக்கத் தெரியாதென்றால் உங்கள் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். அங்கேயும் நடக்கவில்லையென்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி மையத்தின் 1098 என்ற எண்களில் புகார் சொல்லலாம்.

ஆசிரியர்களிலும் நம்மோடு நிற்பவர்கள் உண்டு. சொந்தக் காசில் பந்து வாங்கிக் கொடுத்தவர்களை நாம் அறிவோம். அவர்களுக்கும் பெற்றோரின் துணை வேண்டும்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பள்ளிப் பக்கம் மறுபடியும் போனோம். குழாய் இணைப்பு இன்னும் வரவில்லை. ஆனால் விளையாட்டு நேரத்தில் குடங்கள் சுவரோரம் கிடந்தன. அந்த மூன்று பையன்களும் களத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் பந்து தன்னிடம் வரவில்லையென்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.