"சும்மா ஒரு கையெழுத்து" என்றால் உஷார்! ஒரு இங்கிலீஷ் வார்த்தையில் ஆள் மாட்டிக் கொள்ளலாம்

திண்டுக்கல்,

"மாப்ளே, சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்துதான். வந்து போட்டுட்டுப் போயிரு!"

இப்படி யாராவது கூப்பிட்டால் அவசரப்படாதீர்கள். காகிதத்தில் உங்கள் பெயர் இருக்கும் இடத்தில் "விட்னஸ்" என்று போட்டிருந்தால் நீங்கள் சாட்சி. "கேரண்டர்" என்று போட்டிருந்தால் கதையே வேறு! நண்பர் தவணை கட்டாவிட்டால் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. "இங்கிலீஷ் தெரியாது சார்" என்று அப்புறம் கையைப் பிசைந்து பயனில்லை.

குட்டி வார்த்தை, பெரிய வம்பு

கடன் பத்திரத்தில் "ஷேல்" வந்தால் செய்தே ஆகவேண்டும். உதாரணம்: "தி பாரோயர் ஷேல் பே". கடன் வாங்கியவர் கட்டியே தீரவேண்டும்.

"மே" வந்தால் செய்யலாம், செய்யாமலும் விடலாம். உதாரணம்: "தி பேங்க் மே எக்ஸ்டெண்ட் தி டைம்". கெடு நீட்டுவது வங்கியின் இஷ்டம். அதை நம்பி உட்கார்ந்து விடாதீர்கள்!

"பே பை தி டென்த்" என்றால் 10-ந் தேதிக்குள் கட்டவேண்டும். "ஓப்பன் டில் தி டென்த்" என்றால் 10-ந் தேதி வரை திறந்திருக்கும். "பை", "டில்" இரண்டையும் குழப்பினால் அபராத வட்டிதான்.

வாக்கியமே வாத்தியார்

அர்த்தத்தை மட்டும் நெட்டுருப் போட்டால் நிற்காது. டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1935-ல் ஒரு அகராதி கொண்டு வந்தார். சுமார் 1,500 எளிய வார்த்தைகளை வைத்தே மற்றதற்கெல்லாம் விளக்கம் சொன்னார். ஜப்பானில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த ஹார்ன்பியின் அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளிவந்தது. வார்த்தையை எப்படி வாக்கியத்தில் போடுவது என்று அதில் உதாரணத்தோடு காட்டினார்.

நமக்கு இருக்கவே இருக்கிறது லிப்கோ! அந்தச் சென்னை நிறுவனத்தின் அகராதியில் இங்கிலீஷ் அர்த்தமும் தமிழ் அர்த்தமும் பக்கத்தில் பக்கத்திலேயே கிடைக்கும்.

கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் இப்படிச் செய்யலாம். தினம் 3 வார்த்தை. பில், நோட்டீஸ், பாங்கு சலான் எதில் கண்ணில் பட்டாலும் சரி. அர்த்தத்தை எழுதி, உங்கள் கடைக் கணக்கை வைத்தே ஒரு வாக்கியம் எழுதுங்கள். மாதம் 90 வார்த்தை கையில்!

கேட்பது உரிமை

தனியார் நிதி நிறுவனங்கள் கடன்தாரருக்கு அனுப்பும் தகவல் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. "தமிழில் கொடுங்க" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

பூட்டு வாங்கினால் சாவியைப் போட்டு நாலு தரம் திருகிப் பார்க்கிற ஊர் இது. பத்திரத்தையும் நாலு தரம் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறங்கள்!